ஸ்பிரிங்கைத் தொடாமல் வண்டியை இறக்குவது

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலையில் நின்றால், பிக்கப் வண்டிகள் தாழ்வதைக் காசு செலவில்லாமல் பார்க்கலாம். காலியாக வரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஐஸும் மீன் பெட்டிகளும் ஏற ஏற இறங்கி, கடைசியில் வண்டி சமமாகிவிடும். பழைய பிக்கப்பைத் தாழ்த்தி அழகு பார்ப்பவர்களுக்கு வேண்டியது இந்தத் தோற்றம்தான், மீன் இல்லாமல்.

பெரிய சுமைக்காக எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங், காலி வண்டியின் எடைக்கு அவ்வளவாக வளையாது. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்தே வண்டி எவ்வளவு வேகமாகத் துள்ளும் என்று கணக்கிடலாம். 10 செ.மீ. அமுங்கியிருந்தால் நொடிக்குச் சுமார் 1.6 முறை, 2.5 செ.மீ. மட்டுமே என்றால் சுமார் 3.2 முறை. காலி பிக்கப்பின் பின்னால் உட்கார்ந்து புதுச்சேரி வரை போனவரின் முதுகுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

சரி, இறக்குவது எப்படி? பட்டைகளில் ஒன்றிரண்டை உருவிவிடலாம். வண்டி இறங்கும், மெத்தென்றும் ஓடும். ஆனால் மிச்சமுள்ள பட்டைகள் அதே சுமைக்கு அதிகம் வளைந்து சீக்கிரம் ஒடியும். இன்னும் சிலர் கேஸ் டார்ச்சால் காய்ச்சித் தட்டி, வளைவை எடுத்துவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்திய எஃகு அது. செக்கச் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போயிற்று. தானாக ஆறினால் இளகிவிடும். தண்ணீர் ஊற்றினால் நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

கெட்டிக்காரத்தனம் என்றால் ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு, ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) உட்காரும் இடத்தை மாற்றுவதுதான். அமெரிக்காவில் 1973 முதல் 1987 வரை வந்த ஷெவர்லே சி10 தலைமுறையில், பின் ஆக்ஸில் பட்டைக் கட்டுக்குக் கீழே யூ போல்ட்டால் இறுகியிருக்கும். அதை அவிழ்த்துக் கட்டுக்கு மேலே வைத்தால், ஆக்ஸில் குழாயின் தடிமனும் கட்டின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு, ஏறக்குறைய 13 செ.மீ., வண்டி இறங்கிவிடும். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதில்லை. முன்பக்கத்திலும் இதே தந்திரம்: சக்கரம் மாட்டும் முனை சற்று மேலே அமைந்த ஸ்பிண்டிலைப் போடுவார்கள். சுருள் ஸ்பிரிங்கை வெட்டினாலும் முன்பக்கம் இறங்கும்தான். ஆனால் சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும்.

இறக்கினால் லாபமும் உண்டு. வண்டியின் ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்திலிருந்து 60-க்கு வந்தால், வளைவில் வெளிச் சக்கரங்களுக்கு மாறும் எடை ஏழில் ஒரு பங்கு குறையும்.

ஆனால் மேலே வந்த ஆக்ஸில், குழியில் விழும்போதெல்லாம் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, இடிக்கும். அதனால் அந்த அடிச்சட்டத்தைப் பிறை வடிவில் வெட்டி, கனமான தகட்டால் பலப்படுத்துவார்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வரும். அந்த ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸிலின் மூக்கைச் சாய்க்க ஆப்பு வைக்க வேண்டும். ஷாக் அப்சார்பரும் நீளம் குறைந்ததாக மாற வேண்டும்.

நம் நாட்டில் சாலைக்கு வரும் வண்டியில் இதைச் செய்யும் முன், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படிப்பது நல்லது. தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை அது தடுக்கிறது. துறைமுகத்தில் சுமை ஏற்றவும் அந்த வண்டி உதவாது. மீன் பெட்டிகள் பாதி ஏறுவதற்குள் ஆக்ஸில் சேசிஸைத் தொட்டுவிடும்.