டயாலிசிஸ் படுக்கையருகே ஒரு வண்ணப் பெட்டி

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், ஒரு கையில் இரண்டு ஊசிகளோடு அந்தக் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். டயாலிசிஸ் எடுப்பவர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கை இந்தக் கணக்கைச் சுற்றியே நகர்கிறது. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எந்தப் பழத்தைத் தொடக் கூடாது, எப்போது வர வேண்டும், எப்போது எழுந்திருக்கலாம் என்பதையெல்லாம் மருத்துவரும் வீட்டாரும் இயந்திரமும் தீர்மானித்துவிடுகிறார்கள். இந்தப் பிரிவில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றும் நான் அடிக்கடி கேட்கும் குறையும் இதுதான்: தாமாக முடிவு செய்ய எதுவுமே மிச்சமில்லை.

வண்ணப் பெட்டியை அங்கே கொண்டுசென்றது இதற்காகத்தான். ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலாவைக் கூடுமானவரை எழுதப் பயன்படாத கையில் அமைப்பார்கள் என்பதால், மற்றொரு கை நான்கு மணி நேரமும் சும்மா கிடக்கிறது. அதில் ஒரு தூரிகையைக் கொடுத்தால் எந்த நிறம், எந்த இடம், எப்போது போதும் என்பதை அவரே சொல்லலாம். "எனக்கு வரையவே தெரியாதும்மா" என்று ஒதுங்கும் பெண்களிடம், விடியலில் இருபது புள்ளிக் கோலம் போட்டவர் யார் என்று மட்டும் கேட்பேன்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன், பெட்டியைப் பார்த்ததும் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவைத்தார். மூன்றாவது வாரம் அவராகவே கேட்டு வாங்கி ஒரு கிணறு வரைந்தார். அடுத்து ஏரி, அதற்கடுத்து மறுபடியும் கிணறு. நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரோடு நிறுத்தப்பட்டவர் தண்ணீரையே வரைகிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு; "தாகத்தின் வெளிப்பாடு" என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். ஒரு நாள் மெல்லக் கேட்டபோது, "மத்த கலரெல்லாம் எல்லாரும் தீர்த்துட்டாங்க மேடம், நீலம்தான் நிறைய இருந்துச்சு" என்றார். குறிப்பை அடித்துவிட்டேன்.

கறுப்பை மிகுதியாகத் தீட்டினால் மனச்சோர்வு, சிவப்பென்றால் கோபம் என்று சொல்லித் திரியும் காணொளிகளை நம்பி, வீட்டில் ஒருவர் வரைந்ததைத் துருவிப் பார்க்காதீர்கள். பாராட்டிலும் கவனம் வேண்டும். மகன் ஆசையாகப் படம் பிடித்து, கேட்காமலே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டதால் அன்றோடு தூரிகையைக் கீழே வைத்துவிட்ட ஒரு தாயையும் எனக்குத் தெரியும்.

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸின் கதையை நோயாளிகளுக்கு நான் விரும்பிச் சொல்வதுண்டு. வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், இருபது வயதில் குடல்வால் அழற்சியால் படுத்திருந்தபோது, பொழுதுபோக்கத் தாய் வாங்கித் தந்த வண்ணப் பெட்டியால்தான் ஓவியரானார். 1941இல், எழுபத்தொரு வயதில், வயிற்றுப் பகுதியில் ஏற்பட்ட புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு அவரால் முன்போல நின்று தீட்ட முடியவில்லை. உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே கத்தரியால் வெட்டினார். எந்தத் துண்டு சுவரில் எங்கே குத்தப்பட வேண்டும் என்பதை அவர் சொல்ல, பிறர் கைகள் அதைச் செய்தன. 1954இல் இறக்கும்வரை அந்தக் கத்தரி ஓயவில்லை.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், 39 பேர் 45 நிமிடம் கலைப்பணியில் ஈடுபட்ட பின் அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனான கார்டிசாலின் அளவு குறைந்திருந்தது. முன்அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. எஞ்சிய கால்வாசிப் பேரையும் நான் மறப்பதில்லை. வரைய விரும்பாதவரை வற்புறுத்துவது, ஏற்கெனவே நீண்டுகிடக்கும் கட்டளைப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பதாகவே முடியும்.

செலவு அதிகமில்லை. நீர்வண்ண வில்லைகள், கெட்டித் தாள், கிளிப் அட்டை இருந்தால் போதும். டர்பன்டைன் வாடை குமட்டலைத் தூண்டும் என்பதால் எண்ணெய் வண்ணம் வேண்டாம். செவிலியரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றினால் தூரிகையை வைத்துவிட்டு உடனே அவரை அழைக்க வேண்டும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தாலோ, வண்ணப் பெட்டியை நம்பி நாளைக் கடத்தாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்; 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அந்த நடத்துநருக்கு எல்லா நிறங்களும் நிறைந்த புதுப் பெட்டி ஒன்றைச் சென்ற மாதம் வாங்கிக் கொடுத்தேன். மறுபடியும் கிணறுதான் வரைந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.