பெயிண்ட் அடிக்கும் முன் சேசிஸ் எண்ணைப் பாருங்கள்

பழைய கார் ரேலி அறிவிப்பு வந்துவிட்டால் எங்கள் பட்டறைத் தொலைபேசி ஓயாது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம், கோபி என்று எந்தப் பக்கத்திலிருந்து அழைத்தாலும் கேள்வி ஒன்றுதான். "அப்பாரு (தாத்தா) ஓட்டிய வண்டிங்க. தோட்டத்துச் சாளையில் நின்றிருந்தது. டிங்கரிங் முடித்து, பெயிண்ட் அடித்து, சீட் எல்லாம் மாற்றிவிட்டோம். ரேலியில் விடலாமா?"

பழைய வண்டிகளைச் சீரமைப்பதும், ரேலிக்கு முன் அவற்றைப் பரிசோதிப்பதும் என் தொழில். அந்தக் கேள்வியைச் செலவு செய்வதற்கு முன்பே கேட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது.

1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸைத் தானே ஓட்டிய கொங்கு நாடு இது. மில் முதலாளிகளும், வால்பாறை எஸ்டேட்காரர்களும், வசதியான பண்ணையக்காரர்களும் வாங்கிய வண்டிகள் இன்னும் பல வீடுகளில் நிற்கின்றன. மோட்டார்மீது நம் மக்களுக்கு இருக்கும் பிரியம் உண்மையானது. ஆனால் அந்தப் பிரியத்தாலேயே நல்ல வண்டிகள் கெட்டுப்போகின்றன. ரேலிக்குத் தகுதி பார்க்கிறவர் முதலில் தேடுவது பளபளப்பை இல்லை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்ததில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'விண்டேஜ்' வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவு நடந்த நாளிலிருந்து 50 ஆண்டு நிறைந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் அதில் வரும். இறக்குமதியான வண்டிகளும் சேர்த்தி. கணக்கு தயாரிப்பு ஆண்டிலிருந்து இல்லை, முதல் பதிவிலிருந்து. 1974-இல் தயாராகி 1976-இல் பதிவான அம்பாசடருக்கு 2026-இல்தான் ஐம்பது நிறையும். வயது மட்டும் போதாது, வண்டி தன் மூல வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது என்கிறது விதி. பலருடைய வண்டி விழுவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பதிவுக்கு வேண்டியவை: படிவம் 20-இல் விண்ணப்பம், நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியானால் சுங்க ரசீது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், அதன் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிய எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பழைய எண் வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதி. அதை விட்டுவிடாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்தப் பதிவை எடுத்துவிட்டால் வண்டியை நினைத்தபோதெல்லாம் சாலையில் ஓட்ட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கண்காட்சி, ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் அனுமதி. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பழனி போவது இதில் வராது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவது வணிகப் பயன்பாடு, அதற்கும் தடை. வாரம் ஒரு முறை ஓட்டியே தீருவேன் என்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு இருப்பது நல்லது.

இனி 'மூல வடிவம்' என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகுந்த ஆற்றாமை தருவது இதுதான்.

நம் பக்கம் பெட்ரோல் அம்பாசடர்களில் பாதிக்கு மேல் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு டீசல் இன்ஜின் இறக்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினை வாங்கி வைத்தார்கள். பெட்ரோல் ஜீப்புகளுக்கும் அதே கதி. அன்றைக்கு அது நியாயமான முடிவு. ஆர்.சி.யில் முறையாகப் பதிந்திருந்தால் சட்டப்படி தவறும் இல்லை. ஆனால் விண்டேஜ் பதிவுக்கு அந்த வண்டி நிற்காது. கழற்றிய பழைய இன்ஜின் எங்கே என்று கேட்டால், "அப்போதே இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம்" என்பார்கள். சிலர் வீட்டில் மட்டும் அது மோட்டார் அறையின் மூலையில் சாக்கு மூடிக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் அதில் உள்ள எண்ணைத் துடைத்து, ஆர்.சி.யின் முதல் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் அந்த வண்டிக்கு வழி இருக்கிறது. நம் கோவை லேத்துகளில் போரிங், ஸ்லீவ், பேரிங் எல்லாம் செய்து அதை ஓட வைத்துவிடலாம். இன்ஜினை மறுபடி மாற்றுவதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள விவரமும் வண்டியில் உள்ளதும் வேறுபடும்படி மாற்றம் செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது.

இன்ஜின் போனதையாவது சகித்துக்கொள்ளலாம்; சேசிஸ் எண் போவதைச் சகிக்கவே முடியவில்லை. துரு எடுக்கிறேன் என்று கிரைண்டரை வைத்துத் தேய்த்து எண்ணை அழித்துவிடுகிறார்கள். அல்லது அந்த இடத்தின்மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடுகிறார்கள். எண் இல்லாத சேசிஸ் ஆர்.டி.ஓ. கண்ணில் திருட்டு வண்டியாகத்தான் தெரியும். டிங்கரிங் செய்பவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வண்டியை விடும் அன்றே எண் இருக்கும் இடத்தில் கிரீஸ் தடவி, டேப் ஒட்டி, "இங்கே கை வைக்காதீர்கள்" என்று எழுதி விடுங்கள்.

சர்வதேச அளவிலும் பார்வை இதுவே. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 30 ஆண்டு கடந்து, வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் காக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியையே வரலாற்று வாகனமாக ஏற்கிறது. 1904 வரை ஒரு வகுப்பு, 1905 முதல் 1918 வரை இன்னொன்று, 1919 முதல் 1930 வரை விண்டேஜ் (நம் விதியில் உள்ள பொருளில் இல்லை) என்று காலத்தால் பிரிக்கும் அந்த அமைப்பு, வண்டியின் நிலையையும் தனியே தரம் பார்க்கிறது. அதில் சீரமைத்த வண்டிக்கு முன்னால் இடம்பெறுவது, கை வைக்காமல் காத்த வண்டி. மங்கிய பழைய பெயிண்டோடு நிற்கும் வண்டிக்கு, புதுப் பெயிண்ட் அடித்த வண்டிக்குக் கிடைக்காத மதிப்பு உண்டு. கடலிலும் இதே நியாயம்தான். மத்தியதரைக் கடலில் நடக்கும் பழைய பாய்மரப் படகுப் பந்தயங்களில் 1949 முடிவதற்குள் கடலில் இறங்கியவை விண்டேஜ் என்றும், 1975 முடிவதற்குள் இறங்கியவை கிளாசிக் என்றும் பிரிக்கிறார்கள். படகு தன் மூல வடிவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது பந்தய முடிவைத் தீர்மானிக்கும் நேரக் கணக்கிலேயே சேர்கிறது.

எது மூலம், எது பின்னால் வந்தது என்று கண்ணுக்குப் பழக வேண்டுமானால், கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை நடத்தும் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கிப் போய்வாருங்கள். கைப்பிடி, விளக்கு வளையம், மீட்டர் பலகை என்று சின்னச் சின்ன உறுப்புகளை நின்று பாருங்கள். டிங்கரிங் செய்பவரையும் உடன் அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

ரேலியில் 'முதலில் வந்தவர் வெற்றி' என்பது இல்லை. குறித்த இடத்துக்குக் குறித்த நேரத்தில் வர வேண்டும். முந்தி வந்தாலும் புள்ளி போகும். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு நடக்கும் புகழ்பெற்ற ஓட்டத்தில் 1905-க்கு முன் தயாரான வண்டிகளுக்கே இடம். அங்கும் அது பந்தயம் ஆகாது. பொதுச் சாலையில் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேகப் போட்டி நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். வேகம் வேண்டுமானால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. அதற்குப் போட்டி உரிமமும் பாதுகாப்பு உபகரணமும் வேண்டும். அறுபது ஆண்டுப் பழைய டிரம் பிரேக்கை நம்பிப் பிள்ளைகளை உட்காரவைத்து எல் அண்ட் டி பைபாஸில் விரட்டாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று இன்சூரன்ஸில் இருக்கிறது. நம் சாதாரண கார் பாலிசியை எடுத்து, 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றோடு 'ரிலையபிலிட்டி டிரையல்' (வண்டியின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் ஓட்டம்) என்பதும் விலக்கப்பட்டிருக்கும். நேரக் கட்டுப்பாட்டோடு நடக்கும் ரேலியை அதில் அடக்கி, விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க முடியும். இதற்கென்றே பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் ஐ.எம்.டி. 31 என்ற பிரிவு இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி, ரேலி நாள்களைக் குறிப்பிட்டு எழுதி வாங்க வேண்டும். இன்சூரன்ஸ் ஏஜெண்டே "அப்படி ஒன்று இல்லைங்க" என்று சொல்லக்கூடும். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். பழைய வண்டிக்குச் சந்தை விலை என்ற ஒன்று நிலையாக இல்லாததால், வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டு பாலிசியில் குறித்துக்கொள்வதும் அவசியம்.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள். அப்பாரு பெயரிலேயே ஆர்.சி. கிடக்க, அப்பா காலமும் முடிந்து, பேரன் வந்து நிற்கும்போது இரண்டு தலைமுறை வாரிசுச் சான்றிதழ் தேட வேண்டியிருக்கும். உரிமையாளர் இறந்தால் படிவம் 31, ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீஸ் சான்றோடு படிவம் 26. பங்காளிகள் ஒற்றுமையாக இருக்கும்போதே கையெழுத்தை வாங்கி முடித்துவிடுங்கள்.

அதன் பிறகு பட்டறைக்கு வாருங்கள். வரும் முன்பு வண்டியை நான்கு பக்கமும், பானெட்டைத் திறந்தும், அடியிலும் படம் எடுத்து வையுங்கள். பழைய சர்வீஸ் ரசீது, வரி அட்டை, வண்டிக்கு முன் நின்று எடுத்த குடும்பப் படம் எல்லாமே சான்றுதான். கழற்றுகிற கார்புரேட்டர், டைனமோ, ஹாரன், பழைய சீட் துணியில் ஒரு துண்டு என ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி ஒரு மரப் பெட்டியில் போட்டு வையுங்கள். வண்டியைப் பரிசோதிக்க வருகிறவரிடம் முதலில் அந்தப் பெட்டியைத்தான் காட்ட வேண்டும்.