ஃபகைரோ: மரத்தில் செதுக்கியதும் கல்லில் அராவியதும்

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மரத் தூணில் வெட்டிய உருவத்தையும், எலும்பில் குடைந்த பதக்கத்தையும், பச்சைக்கல்லில் செய்த அணியையும் ஃபகைரோ என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள். கோலமிட்டுப் பின்னிய பாயையும் இச்சொல் தழுவும். இதன் முதல் ஒலி ‘ஃப’. ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து ‘வகைரோ’ என்று எழுதுவது தவறு.

‘ஃபக’ என்பது ‘ஆக்கு, செய்வி’ என்று பொருள் தரும் முன்னொட்டு. ‘இரோ’ என்றால் புழு. மரத்தைப் புழு அரித்துப்போன தடம் போல வரிவரியாக ஆக்குவது ஃபகைரோ என்று ஒரு விளக்கம் உண்டு. எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஆனால் மாவோரி மரவேலையில் சுருளும் வரியும் மேடுபள்ளமும் அடர்ந்து ஓடுவதைப் பார்த்தவருக்கு இந்த விளக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று புரியும்.

கலை எப்படி வந்தது என்பதற்கு ஙாத்தி பொரோவு குலத்தார் சொல்லும் கதை வேறு. ருவாதெபுபுக்கே என்பவரின் மகனைக் கடல் தெய்வமான தங்காரோவா பிடித்துக்கொண்டு போய், தன் வீட்டுக் கூரை உச்சியில் உருவமாக நிறுத்திவிடுகிறார். தேடிப் போன தந்தை கடலடியில் அந்த வீட்டைக் காண்கிறார். உள்ளே இருக்கும் தூண்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. வீட்டைக் கொளுத்திவிட்டு, மகனையும் வெளித் திண்ணைத் தூண்கள் சிலவற்றையும் மீட்டுக்கொண்டு வருகிறார். வெளித் தூண்களுக்குப் பேச்சு கிடையாது. நிலத்துக்கு வந்த சிற்பங்கள் வாய் திறக்காமல் நிற்பதற்குக் காரணம் அதுதானாம்.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது? ‘செதுக்கல்’ என்றே பலரும் எழுதுகிறார்கள். மரத்துக்கு அது சரி. தோதாரா, கவுரி மரங்களைத் ‘தோக்கி’யால் வெட்டி வடிவுக்குக் கொண்டுவந்து, ‘ஃபாவோ’வைக் கட்டையால் தட்டி வரி எடுப்பார்கள். தோக்கி நம் தச்சர் கையிலுள்ள வாய்ச்சி, ஃபாவோ உளி, தட்டும் கட்டை கொட்டாப்புளி. இந்த மூன்றையும் ‘கோடரி, ஆயுதம், சுத்தியல்’ என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் இருக்கும்போது பொதுச்சொல்லைப் போட்டால் வேலையே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

பச்சைக்கல்லுக்கு வந்தால் ‘செதுக்கல்’ பொருந்தாது. நெஃப்ரைட் என்ற அந்தக் கல்லுக்குள் நுண்ணிய இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. உளி வைத்து அடித்தால் சில்லு பெயராது. ஆகவே மணற்கல் தகட்டையும் தண்ணீரையும் கொண்டு இரு பக்கமும் அறுத்துக்கொண்டே போவார்கள். நடுவில் மெல்லிய பாலம் மட்டும் மிஞ்சும்போது தட்டி உடைப்பார்கள். பிறகு ‘ஹோவாங்கா’ எனும் மணற்கல்லில் தேய்த்துத் தேய்த்து வடிவம் எடுப்பார்கள். ஒரு நல்ல பொருள் முடிய மாதக்கணக்கில் ஆகும். கயிறு கோக்கும் துளையைத் ‘தூவிரி’யால் போடுவார்கள். கூர்ங்கல் முனையுள்ள கம்பைக் கயிற்றால் சுழற்றும் கருவி அது, நம் துறப்பணத்துக்கு நெருங்கிய உறவு. இரு பக்கமிருந்தும் குடைவதால் பழைய பதக்கங்களில் துளை நடுவில் ஒடுங்கியிருக்கும். இத்தனையும் அராவல் வேலை. மரத்தில் செதுக்கினார்கள், கல்லில் அராவினார்கள் என்று எழுதினால்தான் உண்மை.

அந்தக் கல்லின் பெயர் பொவுனமு. இதை ‘மரகதம்’ என்று மொழிபெயர்ப்பது பெரிய பிழை. மரகதம் பெரில் வகை, வேறு கனிமம். ‘பச்சைக்கல்’ என்று விளக்கமாகச் சொல்லலாம், ஆனால் நகைக்கடையில் பச்சைக்கல் என்றால் மரகதத்தைத்தான் எடுத்து வைப்பார்கள். ‘ஜேட்’ என்பது இடுப்பு விலாவைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது, ‘நெஃப்ரைட்’ சிறுநீரகத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்த நோய்களுக்கு மருந்து என்று ஐரோப்பியர் நம்பிய காலத்துப் பெயர்கள் அவை. மாவோரி மக்களின் நினைவு எதுவும் அவற்றில் இல்லை.

நியூசிலாந்தின் தென்தீவுக்கே ‘தெ வாய் பொவுனமு’, அதாவது பொவுனமுவின் நீர், என்று பெயர். மேற்குக் கரையில் அரஹூரா ஆறு இக்கல்லுக்குப் பேர்போனது. 1997இல் வந்த சட்டம் ஒன்று அப்பகுதிகளின் பொவுனமு உரிமையை ஙாய் தாஹு குலத்தாரிடமே திரும்ப ஒப்படைத்தது. நிறத்தை வைத்து வகைப் பெயர்கள் உண்டு. ‘ஈனங்கா’ வெளிர்நிறம், ஒரு சிறு மீனின் பெயர். ‘கவகவ’ கரும்பச்சை, ஒரு செடியின் இலைப் பெயர். அந்தச் செடி நம் வெற்றிலைக்கும் மிளகுக்கும் ஒரே இனத்துச் சொந்தம். இரும்பு வந்த பிறகு வேலையற்றுப்போன பொவுனமு வாய்ச்சி அலகுகளைப் பலர் ‘ஹெய் திக்கி’ எனும் கழுத்துப் பதக்கமாக மாற்றினார்கள். தலை சாய்ந்த அந்த மனித உருவங்கள் சிலவற்றில் பழைய அலகின் நேர் விளிம்பு இன்னும் தெரியும். பதக்கமும் ‘மெரே’ என்ற கைத்தண்டாயுதமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும். சிலவற்றுக்குச் சொந்தப் பெயர் இருக்கும். பகைத்த குலங்கள் செய்துகொள்ளும் நிலைத்த சமாதானத்தைத் ‘ததாவு பொவுனமு’, பொவுனமுக் கதவு, என்பார்கள். இத்தனை பொருள் ஏறிய சொல்லைப் பொவுனமு என்றே எழுதுவது நல்லது.

‘சிலை’ என்ற சொல்லையும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். நமக்குச் சிலை என்றால் வழிபாடு நினைவுக்கு வரும். மாவோரி மக்கள் ஒன்றுகூடும் கூடத்துச் சுவரில் நிற்கும் ‘பொவுபொவு’ ஒரு மூதாதை. அந்தக் கூடமே ஒரு மூதாதையின் உடல்: மோட்டுவளை முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள், முகப்பில் சரியும் பலகைகள் கைகள். கிஸ்போர்னுக்கு அருகே 1840களின் தொடக்கத்தில் ருக்குபோ என்ற தலைவர் தன் அண்ணன் நினைவாக ‘தெ ஹாவு கி தூரங்கா’ கூடத்தை எழுப்பினார். தன் உருவத்தையும் அதில் செதுக்கி வைத்தார். 1867இல் அரசு அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனது. பின்னாளில் அது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. வடதீவின் ஃபகதானே ஊரில் 1875இல் திறந்த ‘மாத்தாத்துவா’ கூடத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 1879 சிட்னி கண்காட்சியில் அதன் உள்சுவர்களைத் திருப்பி, முன்னோர் முகங்கள் வெளியே தெரியும்படி நிறுத்தினார்கள். பிறகு லண்டன், அங்கிருந்து தென்தீவின் டனீடின் நகரம். ஙாத்தி அவா குலத்தாருக்கு 1996இல்தான் அது திரும்பியது, 2011இல் சொந்த மண்ணில் மீண்டும் திறந்தார்கள். ஒரு மூதாதையின் உடலைத்தான் அப்படிப் புரட்டிப் போட்டார்கள் என்று தெரிந்தால் அந்தக் குலத்தாரின் கோபத்தின் ஆழம் விளங்கும்.

ஆகவே ஃபகைரோவுக்குப் பொதுவான இணைச்சொல் ‘சிற்பம்’. கல், உலோகம், மரம், மண், சுதை, தந்தம், மெழுகு முதலிய பத்தையும் சிற்பத் தொழிலின் உறுப்பாகவே திவாகர நிகண்டு சொல்கிறது. மரத்துக்கும் கல்லுக்கும் பொதுவாக நிற்க அந்தச் சொல்லுக்கு இடம் இருக்கிறது. ‘தோஹுங்கா ஃபகைரோ’ எனும் பெருங்கலைஞருக்குப் ‘பெருந்தச்சன்’ பொருந்தும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லனை இராசராசப் பெருந்தச்சன் என்கிறது, அவர் எழுப்பியது கற்றளி, அதாவது கல்லால் ஆன கோயில். தோஹுங்காவின் வேலைக்கு நியமங்களும் உண்டு. மரம் வெட்டும் முன் காட்டுத் தெய்வமான தானேக்கு மந்திரம் சொல்ல வேண்டும். செதுக்கும்போது விழும் சிராய்களை வாயால் ஊதக் கூடாது, தட்டிவிட வேண்டும். அவற்றைச் சமையல் அடுப்பில் எரிப்பதும் கூடாது.