பித்தளைக்குள் பாதி, தொண்டைக்குள் மீதி

1957 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஏழாவது அவென்யூவிலிருந்து செங்குத்தான படிகளில் இறங்கினால் ஒரு நிலவறைக் கூடம் வரும். பெயர் வில்லேஜ் வேன்கார்டு. ஒரு முனையில் குறுகிப்போகும் முக்கோண அறை. நூற்றிச்சொச்சம் பேர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். அன்று இரவு 27 வயது ஜாஸ் கலைஞர் சன்னி ராலின்ஸ் அங்கே டெனர் சாக்ஸபோனோடு, அதாவது கொஞ்சம் தாழ்ந்த குரல் கொண்ட சாக்ஸபோனோடு, நின்றார். ஒரு பக்கம் வில்பர் வேர் பாஸ், இன்னொரு பக்கம் எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். அவ்வளவுதான், பியானோ கிடையாது. ஒலிப்பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர்.

அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பியானோ இருந்தால் நடு அதிர்வெண்களில் எப்போதும் ஏதாவது ஒலித்துக்கொண்டே இருக்கும், சாக்ஸபோனின் ஓரங்களை மழுங்கடித்துவிடும். இங்கே அந்த இடம் காலி. அதனால் ராலின்ஸ் மூச்சு இழுப்பது, வாயில் வைத்து ஊதும் நாணல் தகடான ரீடை நாக்கு தொடுவது, ஒரே சுரம் மூன்று நிறத்தில் வருவது எல்லாம் பச்சையாகக் கேட்கின்றன. கேட்கக் கேட்க ஒரு கேள்வி வந்தது. இதே கருவியை ஆயிரம் பேர் வாசிக்கிறார்கள். இரண்டு சுரம் காதில் விழுந்ததுமே 'இது ராலின்ஸ்' என்று எப்படித் தெரிகிறது?

முதலில் உலோகத்தின் மேல் இருக்கும் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பளபளக்கும் பித்தளைதான் அந்தக் குரலைத் தருகிறது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். 1953 மே மாதம் டொரோண்டோவின் மாஸி ஹாலில் இன்னொரு ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக்கில் செய்த ஆல்டோ சாக்ஸபோன், டெனரைவிட உயர்ந்த குரல் கொண்டது. அந்தக் கச்சேரியின் பதிவு இருக்கிறது. கேட்டால் பார்க்கர் பார்க்கராகத்தான் ஒலிக்கிறார். ஒலிப்பது உலோகமில்லை, அது அடைத்து வைத்திருக்கும் காற்று. உலோகத்தின் வேலை காற்றுக்கு ஒரு வடிவம் கொடுத்துவிட்டு அசையாமல் இருப்பது.

அந்த வடிவம் கூம்பு. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கியபோது அவர் செய்த முக்கியமான காரியம் இதுதான்: கிளாரினெட்டில் இருப்பது போன்ற ஒற்றை ரீடை எடுத்து, கூம்பு வடிவக் குழாயில் பொருத்தினார். கிளாரினெட் நேர் உருளை. ஒரு பக்கம் அடைத்த நேர் உருளையில் அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை மடங்குகளே வலுவாக ஒத்ததிரும். கூம்பில் 1, 2, 3, 4 என்று எல்லா மடங்குகளும் வரும். அடிப்படைக்கு மேலே வரும் இந்த மடங்குகள்தான் மேற்சுரங்கள். கிளாரினெட் கொஞ்சம் உள்ளீடற்றதாகவும் சாக்ஸபோன் சதைப்பிடிப்பாகவும் ஒலிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாகஸ்வரமும் கூம்புதான். ஊர்வலத்தில் அது தெருக்கோடிவரை கேட்பதற்கும் இந்த மேற்சுரக் கூட்டம் ஒரு காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. டெனரின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறக்குறைய 104 ஹெர்ட்ஸ். ஒலியின் வேகத்தை நொடிக்கு 345 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் அலைநீளம் 3.3 மீட்டர். கூம்புக்குள் அரை அலை அடங்க வேண்டும், அதாவது 1.66 மீட்டர். ஆனால் குழாயை நிமிர்த்தி அளந்தால் அவ்வளவு நீளம் இருக்காது. மிச்சம் எங்கே போனது? கூம்பின் கூர்முனையை வெட்டி எறிந்துவிட்டார்கள். கூர்முனையில் வாய் வைத்து ஊத முடியாதே! வெட்டிப்போன முனையின் கொள்ளளவை, ரீடைத் தாங்கி வாய்க்குள் போகும் மௌத்பீஸுக்குள் இருக்கும் காற்று ஈடுகட்டுகிறது. மௌத்பீஸைக் குழாயின் முனையிலுள்ள கார்க்கில் சில மில்லிமீட்டர் முன்னே பின்னே நகர்த்திச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்லாத முனையின் அளவைத்தான் அப்போது திருத்துகிறார்கள்.

இனி ரீட். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி. சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது. சாக்ஸபோன் ரீடும் ஒரு நாணல்தான், நல்ல ரகம் தென் பிரான்சில் விளைகிறது. சீவாளியில் இரண்டு இதழ்கள், இங்கே ஒன்றே ஒன்று. அதன் நுனி காகிதம் போல மெல்லியது. மௌத்பீஸின் விளிம்புக்கும் அதற்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி. ஊதினால் அந்த இடைவெளி திறக்கும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு: வாயில் அழுத்தம் கூடக்கூட ரீட் உள்ளே வளைந்து கதவை மூடப் பார்க்கிறது. அந்த நேரத்தில், குழாயில் போய்த் திரும்பி வரும் அழுத்த அலை கதவைத் திறந்துவிடுகிறது. ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளிவிடுகிற மாதிரி. தாழ்ந்த சுரத்தில் இது நொடிக்கு 104 தடவை நடக்கிறது.

ரீடுக்கென்று ஒரு சொந்த அதிர்வெண்ணும் உண்டு. அது ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே எங்கோ இருக்கும், குழாயின் பேச்சைக் கேட்காது. அதை அடக்கி வைப்பது கீழுதட்டின் ஈரச் சதை. அடக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை நண்பர் ஒருவரின் டெனரை இரவல் வாங்கி ஊதியபோது தெரிந்துகொண்டேன். முதல் ஊதலில் வெறும் காற்று. இரண்டாவதில் வாத்துக் கத்தல். மூன்றாவதில் கிறீச்சென்று ஒரு சத்தம், அடுத்த அறையிலிருந்து அவர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ராலின்ஸைக் கேட்கும்போது மரியாதை இரட்டிப்பாகிவிட்டது.

ஏனென்றால் அவர் செய்வது இது: வேகமான ஓட்டத்தின் நடுவில், மேலே எங்கோ இருப்பவர், சட்டென்று அடிமட்டச் சுரத்துக்குக் குதித்து ஒற்றை அடி அடித்துவிட்டு மேலே போய்விடுவார். 104 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கே சுமார் 10 மில்லிநொடி ஆகும். ஒலி நிலைப்பதற்குச் சில சுழற்சிகளாவது வேண்டும். நிமிடத்துக்கு 240 தட்டு வேகத்தில் அரைத் தட்டுக்குக் கிடைப்பது மொத்தமே 125 மில்லிநொடி. அதற்குள் எல்லாத் துளைகளும் மூடியிருக்க வேண்டும், உதடு தளர்ந்திருக்க வேண்டும், நாக்கு சரியான கணத்தில் ரீடை விட்டு விலக வேண்டும். அப்புறம் மறுபடி மேலே ஏற வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. அந்தத் தாழ்ந்த சுரத்தைக் கைப்பேசி ஸ்பீக்கரில் கேளுங்கள். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் 104 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தர முடியாது. ஆனாலும் சுரம் தாழ்ந்ததாகத்தான் கேட்கும். 208, 312, 416 என்ற மேற்சுரங்களின் இடைவெளியைப் பார்த்து, அடியில் 104 இருந்தாக வேண்டும் என்று மூளையே நிரப்பிக்கொள்கிறது.

ஒரே சுரம் பல நிறத்தில் வருவதைச் சொன்னேன் அல்லவா? அதில் ஒரு பகுதி விரல் வித்தை. குழாயில் திறந்திருக்கும் முதல் துளையிலேயே ஒலி முழுவதும் நின்றுவிடுவதில்லை. தாழ்ந்த அதிர்வெண்கள் அங்கேயே திரும்பிவிடுகின்றன. உயர்ந்தவை திறந்த துளைகளைத் தாண்டி ஓடுகின்றன. அதனால் ஒரே சுரத்தை வேறு விரல்பிடியில் வாசித்தால் சுருதி ஏறக்குறைய அதேதான், மேற்சுரங்களின் கலவை மட்டும் மாறும். ராலின்ஸுக்கு முந்தைய டெனர் கலைஞர் லெஸ்டர் யங் 1930-களிலேயே இதில் கெட்டிக்காரர். ஒற்றைச் சுரத்தைத் தந்தி அடிப்பது போலத் திரும்பத் திரும்ப அடித்து, அதன் தாளத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது ராலின்ஸின் பழக்கம்.

மீதிப் பகுதி வாய்க்குள். இன்னொரு டெனர் கலைஞர் பென் வெப்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவான பாட்டில் அவர் தாடையைத் தளர்த்தி, ரீடின் மேல் உதட்டை மெத்தை போலப் பரப்பி ஊதுவார். மேற்சுரங்கள் அடங்கி, பாதி காற்றாக, காதருகில் யாரோ பேசுவது போல வரும். வேகமான பாட்டில் அவரே உறுமுவார். ஊதிக்கொண்டே தொண்டையில் வேறொரு சுரத்தை முனகும்போது பிறப்பதுதான் அந்த உறுமல். கருவி 400 ஹெர்ட்ஸ், தொண்டை 150 என்றால், ரீட் இரண்டையும் பெருக்கிக் குழப்பி 550-ஐயும் 250-ஐயும் சேர்த்தே வெளியே தள்ளும்.

சரி, முனகாமல் தொண்டையின் வடிவத்தை மட்டும் மாற்றினால் ஏதாவது நடக்குமா? இதில் கலைஞர்களுக்கும் ஒலியியல்காரர்களுக்கும் நெடுநாள் சண்டை. 'தொண்டைதான் எல்லாமே' என்பது கலைஞர்கள் கட்சி. 'குழாயின் ஒத்ததிர்வு அவ்வளவு வலுவாக இருக்கும்போது உங்கள் தொண்டையை ரீட் எங்கே கண்டுகொள்ளப் போகிறது' என்பது சில ஆய்வாளர்கள் கட்சி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெர் மிங் சென், ஜான் ஸ்மித், ஜோ வுல்ஃப் மூவரும் ஒரு டெனர் சாக்ஸபோனின் மௌத்பீஸில் நுண்ணிய குழாயையும் மைக்ரோஃபோனையும் பொருத்தினார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் பல அதிர்வெண்களைக் கலந்து அனுப்பி, தொண்டை எதற்கு ஒத்ததிர்கிறது என்று அளந்தார்கள். 2008-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது.

தீர்ப்பு இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி. வழக்கமான சுர எல்லைக்குள் தொண்டையின் ஒத்ததிர்வு வாசிக்கும் சுரத்தைத் துரத்துவதில்லை. ஆனால் அதற்கு மேலே, கருவியின் விரல்பிடி அட்டவணை முடிந்த பிறகு வரும் கீச்சு உயரத்தில், கதை மாறுகிறது. அங்கே குழாயின் ஒத்ததிர்வுகள் பலவீனமாகிவிடும். தேர்ந்த கலைஞர்கள் நாக்கை நகர்த்தித் தொண்டையின் ஒத்ததிர்வைச் சுரத்துக்கு அருகே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதைச் செய்யத் தெரியாதவர்களுக்கு அந்தச் சுரமே வருவதில்லை. ரீடின் ஒரு பக்கம் பித்தளைக் குழாய், மறுபக்கம் சதைக் குழாய். ரீட் இரண்டின் கூட்டுக்கும் கட்டுப்படுகிறது. 'ஆ' என்பதற்கும் 'ஈ' என்பதற்கும் நாக்கு எங்கே போகிறது என்று சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த அசைவுதான். சுரத்தை வளைப்பதற்கும் தொண்டையும் உதடும் துணைக்கு வரும். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கமகம் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதில்லை.

இதையெல்லாம் ராலின்ஸ் பயின்ற இடம்தான் விசித்திரம். 1959-ல், புகழின் உச்சியில் இருக்கும்போது, மேடையை விட்டு விலகிவிட்டார். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு. அடுத்த வீட்டில் ஒரு கர்ப்பிணி வேறு. அதனால் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்கு ஏறிவிட்டார். கீழே ஈஸ்ட் நதி, பக்கத்தில் தடதடக்கும் ரயில். 1961 வரை, வெயிலோ பனியோ, பல நாள் மணிக்கணக்கில் அங்கேதான்.

குளியலறையில் எல்லோரும் பாடகர்களே, சுவர்கள் அவ்வளவு தாராளம். பாலத்தில் சுவர் இல்லை. வெளியே போன ஒலி திரும்பி வராது, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் கரைந்துவிடும். சத்தம் வேண்டுமென்றால் நீங்களே செய்தாக வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் ரீட் ஒவ்வொரு சுழற்சியிலும் படாரென்று முழுதாக மூடும். அந்தத் திடீர் மூடலில் உயர்ந்த மேற்சுரங்கள் பெருகும். 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மையானது. ரயிலின் கனத்த உறுமலுக்கு மேலே அந்தப் பகுதிதான் துளைத்துக்கொண்டு போகும். குளிர் இன்னொரு வம்பு. காற்றின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 6 மீட்டர் குறைகிறது, சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது. மூச்சுச் சூடு அதைக் கொஞ்சம் மீட்கும், மிச்சத்தை உதடு சரிக்கட்ட வேண்டும்.

பின்னாளில் ராலின்ஸ் சாக்ஸபோனின் மணி போல விரிந்த வாயில், அதாவது நாகஸ்வரக்காரர்கள் அணசு என்பார்களே அந்த இடத்தில், ஒரு சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு மேடை முழுக்க நடந்தார். நடந்துகொண்டே வாசிக்காவிட்டால் அவருக்கு ஆகாது.

இத்தனைக்கும் எரிபொருள் நுரையீரல். வாய்க்குள் தேவைப்படும் அழுத்தம், தண்ணீரைச் சில பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் அளவு. 2012-க்குப் பிறகு ராலின்ஸ் கச்சேரி செய்யாததற்குக் காரணம் விரலோ உதடோ இல்லை, நுரையீரலில் நார்த்திசு படியும் நோய்.

1986-ல் அந்த நுரையீரல் வேறு மாதிரி இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் சாகர்ட்டீஸ் என்ற ஊரில், பழைய கல்குவாரியில் கட்டிய திறந்தவெளி மேடை. படக் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசிப்பின் உச்சத்தில், 55 வயது ராலின்ஸ் மேடையிலிருந்து கீழே பாறையில் குதித்தார். குதிகால் எலும்பு முறிந்தது. மல்லாந்து விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. படுத்தால் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளும். மூச்சை உள்ளே இழுப்பதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும். கருவியின் எடை நெஞ்சில். சில கணங்கள் கழித்து, படுத்தபடியே சாக்ஸபோனை வாயில் வைத்து அவர் வாசிக்க ஆரம்பித்தார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று கூட்டத்தில் பலர் கைதட்டினார்கள். படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டால், ஊதுகிறவர் நிற்கிறாரா படுத்திருக்கிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.