ஜேசிபி கரண்ட் கம்பியில் பட்டால் ஏன் இறங்கக்கூடாது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயைத் தூர்வாரும்போது ஜேசிபியின் பக்கெட் மேலே போகும் கரண்ட் கம்பியில் பட்டுவிட்டால், ஆபரேட்டர் உடனே இறங்கி ஓடிவிட வேண்டியதுதானே? கூடாது. பெரும்பாலும் இறங்கும்போதுதான் ஆள் சாகிறார்.

டயர் ரப்பர்தானே என்று நம்பாதீர்கள். அதில் கலந்திருக்கும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், போதாததற்குத் தோண்டும்போது பின்னால் இரண்டு இரும்புக் கால்கள் வேறு மண்ணில் ஊன்றியிருக்கும். வண்டியில் கட்டிய எலுமிச்சை மிளகாயும் காப்பாற்றாது. அந்த நம்பிக்கையில் கம்பிக்கடியில் வேலையை ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேபினுக்குள் இருப்பவரைச் சுற்றி எல்லாமே ஒரே வோல்ட்டில் இருக்கிறது, அதனால் கம்பியில் உட்கார்ந்த காக்கையைப் போல அவருக்கு ஒன்றும் ஆகாது.

சரி, கீழே என்ன நடக்கிறது? இதுதான் அழகான இடம். மண்ணுக்குள் இறங்கிய மின்சாரம் நாலாபுறமும் பரவுகிறது, மண்ணுக்கும் தடை உண்டு என்பதால் தள்ளிப்போகப் போக வோல்ட்டேஜ் குறைகிறது. 11 கிலோவோல்ட் லைனில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே சுமார் 6,350 வோல்ட். கணக்குக்காக, இரும்புக் காலிலிருந்து 1 மீட்டரில் 3,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரே சீரான மண்ணில் தூரம் இரட்டித்தால் அது பாதியாகும்: 2 மீட்டரில் 1,500, 10 மீட்டரில் 300, 11 மீட்டரில் சுமார் 273. அதாவது வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் காலடி வைத்தால் இரண்டு கால்களுக்கும் நடுவே 1,500 வோல்ட், மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும்; பத்து மீட்டர் தள்ளி அதே காலடியில் வெறும் 27. வண்டியைத் தொடவே வேண்டாம், நடந்தாலே போதும். இடி விழுந்தால் மாடுகள் அதிகம் சாவதும் இதனால்தான், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம்.

ஆக, ஆபரேட்டர் உள்ளேயே இருந்து, முடிந்தால் பக்கெட்டை மெதுவாக விலக்க வேண்டும். பெங்களூரில் மின்சாரம் வழங்கும் பெஸ்காமின் 1912 என்ற எண்ணுக்கு யாராவது போன் செய்து சொல்லட்டும். லைன் ட்ரிப் ஆகி மின்சாரம் தானாக நின்றாலும் திரும்பச் சார்ஜ் ஆகலாம், பெஸ்காம்காரர்கள் உறுதி சொல்லும்வரை இறங்கக்கூடாது. வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, அப்படியே ஒட்டிய கால்களோடு தத்தித் தத்தி 10 மீட்டராவது போக வேண்டும்.

அப்புறம் ஹெல்பர். காப்பாற்றப் பதறி ஓடிவருவது அவர்தான், பயிற்சி என்று எதுவும் கிடைக்காததும் அவருக்குத்தான். தூர்வாரும் டெண்டரிலேயே அவருடைய பயிற்சிக்கும், கம்பியை மட்டும் கவனித்துச் சத்தம் கொடுக்கத் தனியாக ஓர் ஆளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.