மருந்து அடிக்க அடிக்கப் பெருகும் பேன்

தளி பக்கத்தில் ஒரு ரோஜாப் பசுமைக்குடில். ஏப்ரல் மாத முற்பகல். வெளியே ஓசூர்க் காற்று இதமாகத்தான் இருந்தது; பிளாஸ்டிக் கூரைக்கு உள்ளே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாத்தியில் குனிந்திருந்த அக்கா, தாழ வளைத்துவிட்ட கிளை ஒன்றிலிருந்து இலையைப் பறித்து, வெள்ளைத் தாளின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். மிளகாய்ப்பொடி சிந்தியதுபோல் சில துகள்கள் விழுந்தன. "கொஞ்சம் பொறுங்கள், சார்" என்றார். சிறிது நேரத்தில் துகள்கள் நடக்கத் தொடங்கின.

விவசாயிகள் இதை 'மைட்ஸ்' என்கிறார்கள். நூல்களில் இதன் பெயர் இரட்டைப்புள்ளி சிலந்திப் பேன். பெயரில் பேன் இருந்தாலும் இது பூச்சியே அல்ல. எட்டுக் கால் கொண்ட, சிலந்திக்கு உறவான சிற்றுண்ணி. வளர்ந்த பெண்ணின் நீளம் அரை மில்லிமீட்டர்தான். பூச்சிக்கென்றே செய்யப்பட்ட மருந்துகள் பல இதை ஒன்றும் செய்வதில்லை என்பதால், இந்த வேறுபாடு தெரியாதவரின் பணம் முதல் தெளிப்பிலேயே வீணாகிறது.

இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி போன்ற வாயுறுப்பால் ஒவ்வொரு செல்லாகக் குத்தி, பச்சையத்தோடு சாற்றை உறிஞ்சிவிடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ இருபது செல்கள் காலியாகின்றன. மேற்பக்கத்தில் வெளிறிய புள்ளிகளாக நாம் காண்பது அந்த வெற்றுச் செல்களைத்தான். புள்ளிகள் சேர்ந்து இலை வெண்கல நிறமாகி உதிரும். கூட்டம் பெருகினால் மெல்லிய நூலாம்படை கட்டும். நூலாம்படை கண்ணில் பட்டால், வெகு தாமதமாகிவிட்டது என்று பொருள்.

வெப்பம் 30 டிகிரியில் இருந்தால் முட்டை எட்டு, பத்து நாளில் தாயாகிவிடும். 20 டிகிரியில் அதற்கு ஏறக்குறைய இரு மடங்கு நாள் தேவை. இன்னொரு விசித்திரமும் உண்டு. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும், கருவுற்ற முட்டையிலிருந்து பெண் பிறக்கும். ஆகவே துணையின்றிக் குடிலுக்குள் வந்து சேர்ந்த ஒரே ஒரு பெண், முதலில் மகன்களைப் பெற்று, அவர்களோடே இணைந்து ஒரு குலத்தைத் தொடங்கிவிட முடியும். வேலையாளின் சட்டையில் ஒட்டிவந்த ஒன்று போதும்.

திறந்த வயலில் இதைத் தின்ன ஆள் இருக்கிறது. கறுப்பான குட்டிப் பொறிவண்டு, இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்னும் பூச்சிகளில் சில வகை, வேட்டையாடும் சிற்றுண்ணிகள். குடிலுக்குள் வெப்பமும் வறட்சியும் அடைப்பும் பேனுக்குச் சாதகம், எதிரிகளோ குறைவு. அப்போது அகன்ற வீச்சுள்ள பூச்சிமருந்தை அடித்தால் எஞ்சிய எதிரிகள் முதலில் சாகின்றன. பேனின் முட்டைகள் தப்புகின்றன. சில மருந்துகள் பட்ட பேன்கள் முன்பைவிட அதிகமாக முட்டையிடுவதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அடிக்க அடிக்கப் பெருகுகிறது என்று விவசாயி புலம்பும்போது அவர் மிகைப்படுத்தவில்லை, துறை சார்ந்தவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

உலகில் மிக அதிக மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற கணுக்காலிகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைத் தாங்கும் கூட்டங்கள் பதிவாகியுள்ளன. 2011இல் இதன் மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டபோது நஞ்சைச் சிதைக்கும் மரபணுக்கள் பெருகிக் கிடப்பது தெரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடியினங்களைத் தின்று, ஒவ்வொன்றின் தற்காப்பு நஞ்சையும் செரித்துப் பழகிய உயிருக்கு நம் புட்டி மருந்து இன்னொரு இலைச்சாறு போலத்தான்.

செடியும் சும்மா இருப்பதில்லை. டபுள் பீன்ஸ் செடியை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1980களில் காட்டியது இது: பேன் குத்திய இலை, காற்றில் சில மணப்பொருள்களை விடுகிறது. அவற்றில் ஒன்று, வலித் தைலத்தில் நாம் முகர்கிறோமே, அந்த மெத்தில் சாலிசிலேட். இந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வேட்டைச் சிற்றுண்ணி வந்து சேர்கிறது. அதற்குக் கண்ணே கிடையாது! செடி கூப்பிட, குருட்டு வேட்டைக்காரன் வருகிறான். இதைப் படித்த நாளில் எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஐரோப்பியக் குடில்களில் புகழ்பெற்ற வேட்டைச் சிற்றுண்ணி, சிலி நாட்டு ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஜெர்மனிக்கு வந்தது. நம் நாட்டு மண்ணிலேயே நியோசியூலஸ் லாஞ்சிஸ்பைனோசஸ் என்னும் வேட்டைச் சிற்றுண்ணி இனம் இருக்கிறது. கனடாவில் 2018இல் கஞ்சா சட்டபூர்வமானபின், அறைக்குள் அதை வளர்ப்பவர்களும் இதே பேனோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே அனுமதிக்கப்பட்ட மருந்துகள் மிகக் குறைவு என்பதால் வேட்டைச் சிற்றுண்ணிகளையே பெரிதும் நம்புகிறார்கள்.

பேன் ஓரிரண்டாய்த் தென்படும்போதே வேட்டைக்காரனை விட வேண்டும். நூலாம்படை கட்டியபின் விட்டுவிட்டு, 'பலனில்லை' என்று குறை சொல்வது நியாயமல்ல. காற்று மிகவும் உலர்ந்தால் வேட்டைக்காரனின் முட்டைகள் சுருங்கிப்போகும். அதனால் கோடையில் பனிபோல் நுண்துளியாக நீர் தூவ வேண்டும். ஆனால் ரோஜா இலையில் ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். முற்பகலில் சிறிது நேரம் மட்டும் தூவி, மாலைக்குள் இலை உலர விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தீவிரமாகத் தாக்கப்பட்ட சில செடிகளுக்கு மட்டும் வேப்பெண்ணெயோ சோப்புக் கரைசலோ அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். அதை வேட்டைக்காரனை விடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கிளம்பும்முன் அக்காவிடம் என் பத்து மடங்கு உருப்பெருக்கியைக் கொடுத்தேன். தாளின் மேல் முதுகின் இருபுறமும் கரும்புள்ளியோடு மந்தமாக நகர்ந்தவை பேன்கள். அவற்றுக்கு நடுவே, புள்ளி இல்லாத, பேரிக்காய் வடிவத்தில் பளபளப்பான ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. "இது வேறு மாதிரி ஓடுகிறதே" என்றார். தாளை மெதுவாக அதே செடியின் மேல் கவிழ்த்து, அதை இலைக்கே திருப்பி அனுப்பினோம்.