சொல் விளக்கம்: ஐஎஸ்ஓ, அதாவது வட்டுப் படிமம்

"அண்ணே, இந்த சர்வர்ல டிரைவே இல்லையே. எங்க மாட்டுறது?"

மலேசியாவின் சைபர்ஜெயா தரவு மையத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த தம்பி கூப்பிட்டுக் கேட்டான். நான் இருந்தது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில். 'ஐஎஸ்ஓவை மாட்டணும்' என்று காலையில் நான் சொன்னதை நம்பி, வட்டு செருகும் இடத்தைச் சர்வரின் முன்னும் பின்னும் தேடியிருக்கிறான். குற்றம் அவனுடையது அல்ல, சொல்லினுடையது. இயங்குதளத்தை நிறுவ நான் மாட்ட நினைத்தது கையில் பிடிக்கும் வட்டு அல்ல, ஒரு வட்டில் உள்ளதை அப்படியே எடுத்துவைத்த கோப்பு. அதைத்தான் ஐஎஸ்ஓ என்கிறோம்.

அந்தப் பெயர் ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தர அமைப்பினுடையது. அது 'இண்டர்நேஷனல் ஆர்கனைசேஷன் ஃபார் ஸ்டாண்டர்டைசேஷன்' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சேர்க்கை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால் 'ஐஓஎஸ்' என்றல்லவா வரவேண்டும்? சமம் என்று பொருள்படும் 'ஐசோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்ததாக அந்த அமைப்பே சொல்கிறது. குறுவட்டில் கோப்புகள் எப்படி அடுக்கப்பட வேண்டும் என்று அது 1988இல் வெளியிட்ட தரத்தின் எண் 9660. எண் உதிர்ந்துபோய், அமைப்பின் பெயர் கோப்பின் வால்பெயராக (.iso) ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்திய வடிவம் 'ஹை சியரா', ஒரு ஹோட்டலின் பெயர். வட்டிலிருந்தே கணினியைத் தொடங்கவைக்கும் 1995ஆம் ஆண்டு முறை 'எல் டொரிட்டோ', அது ஓர் உணவகத்தின் பெயர். கோலாலம்பூரில் கூடிப் பேசியிருந்தால் இந்நேரம் 'வாழையிலைத் தரம்' என்று ஒன்று இருந்திருக்கும்.

இந்தக் கோப்பின் முழுப்பெயர் 'ஐஎஸ்ஓ இமேஜ்'. இதில் 'இமேஜ்' என்ற பாதிதான் ஆளைக் குழப்புவது. அது புகைப்படம் அல்ல, கோப்புகளைக் கட்டிவைத்த மூட்டையும் அல்ல. சாமான்களை லாரியில் ஏற்றி வேறு வீட்டில் இறக்குவது கோப்புகளை நகலெடுப்பது மாதிரி. சாவி தொங்கும் ஆணி உட்பட வீட்டையே இருந்தது இருந்தபடி எடுத்துவைப்பது இமேஜ். குறுவட்டு 2048 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் 16 துண்டுகளை ஒதுக்கிவிட்டு, அடுத்த துண்டிலிருந்துதான் வட்டின் பெயர், அளவு முதலான விவரங்கள் தொடங்கும். கணினி அந்த இடத்தில்தான் போய்ப் பார்க்கும். இடம் பிசகினால் கோப்பு எல்லாம் இருந்தும் வட்டு தொடங்காது.

இதற்குத் தமிழில் 'படிமம்' சரியாகப் பொருந்துகிறது. வடமொழிப் 'பிரதிமா'வோடு உறவுள்ள சொல். ஆனாலும் தமிழில் ஊறிப் பழகிவிட்டது. செப்புப் படிமம் என்கிறோம். பழந்தமிழில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் 'படிமக்கலம்' என்று பெயர். உள்ளதை உள்ளபடி காட்டுவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. 'வட்டு' இன்னும் பழையது. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்ற குறளில் (401) அது உருட்டி ஆடும் காய். மலாயில் வட்டுக்குச் 'சக்கெரா' என்பார்கள், நம் சக்கரத்தின் உறவு. ஆகவே வட்டுப் படிமம். 'ஐஎஸ்ஓ கோப்பு' என்று பேச்சில் சொல்வதில் தவறில்லை. எழுதும்போது வட்டுப் படிமம் என்றால் பொருளும் சேர்ந்து வரும்.

சர்வருக்கு 'வழங்கி' போதும். மலாயில் அது 'பெலாயான்'. உணவகத்தில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) கொண்டுவந்து வைப்பவரும் பெலாயான்தான்.

அப்புறம் 'மவுண்ட்', அதாவது படிமத்தைக் கணினி ஒரு வட்டாகவே எடுத்துக்கொள்ளும்படி இணைப்பது. நாடாச் சுருளையும் வட்டுக் கட்டையும் ஆள் கையால் தூக்கிப் பொறியில் மாட்டிய காலத்துச் சொல் அது. தமிழில் சிலர் 'ஏற்று' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பதிவேற்றத்திலும் ஏற்றுதான் இருக்கிறது; 'ஐஎஸ்ஓவை ஏற்று' என்றால் கோப்பை சர்வருக்குள் அனுப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் பேசும் 'மாட்டு'வே நல்ல சொல். எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது: கழற்று.

சரி, டிரைவ் இல்லாத சர்வரில் எங்கே மாட்டுவது? இப்படிப்பட்ட சர்வர்களின் தாய்ப்பலகையில் தனி வலை முகவரியோடு ஒரு குட்டிக் கணினி உண்டு. மின்சாரம் வந்துகொண்டிருந்தால் போதும், சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். என் மடிக்கணினியில் உள்ள படிமத்தைக் காட்டினால், யூஎஸ்பியில் ஒரு வட்டு டிரைவ் செருகியிருப்பதுபோல் சர்வரிடம் அது நடிக்கும். சர்வர் கேட்கும் ஒவ்வொரு துண்டும் அலுவலக இணைப்பு வழியாகச் சைபர்ஜெயாவுக்குப் போகவேண்டும் என்பதால் நிறுவல் நத்தை வேகம். அதே தரவு மையத்தில் வேறொரு வழங்கியில் படிமத்தை வைத்து, அங்கிருந்து மாட்டினால் வேகமாக முடியும். அன்று எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஒருவழியாக நிறுவி முடித்து மறுதொடக்கம் கொடுத்தேன். திரையில் மறுபடியும் 'மொழியைத் தேர்ந்தெடு'.

"அண்ணே, திரும்ப முதல்லேர்ந்து வருது. நான் எதையாச்சும் பிடுங்கணுமா?"

"ஒண்ணையும் தொடாதே தம்பி. மாட்டினதை நான்தான் கழற்றல."